மிடி ஈவென்ட் திருத்தம்: ரெடிமேட் ப்ரீசெட்டை நம்பி ஓட்டலாமா?

கேள்வி, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

அண்ணா, மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் கச்சேரி, அதற்கு ட்ராக் தயார் செய்துகொண்டிருக்கிறேன். க்யூபேஸ் மென்பொருளில் மிடியாக (எந்தக் கீ, எப்போது, எவ்வளவு வேகம் என்ற தகவலாக) வாசித்துப் பதிந்ததைத் திறந்து பார்த்தால் நடுநடுவே பொடிப்பொடியாக வேண்டாத நோட். வெலாசிட்டி, அதாவது கீயை அடித்த வேகத்தின் எண், ஒரு இடத்தில் 127, பக்கத்திலேயே 40. ஒவ்வொன்றாக மௌஸ் வைத்து அழித்தால் விடிந்துவிடும். லாஜிக்கல் எடிட்டரில் ரெடிமேடாக நிறைய ப்ரீசெட் இருக்கிறது, எதை அழுத்துவது என்று தெரியவில்லை. ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பன், ப்ரீசெட் தொட்டால் வாசிப்பில் உயிரே போய்விடும், கையாலேயே திருத்து என்கிறான். நிஜமா?

9 பிப்ரவரி 2025

தாராளமாக ஓட்டலாம் தம்பி. ஆனால் பெயரைப் படித்துவிட்டு அழுத்தாதீர்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.

லாஜிக்கல் எடிட்டரைத் திறந்தால் மேலே ஒரு பட்டியல், கீழே ஒரு பட்டியல். மேலே இருப்பது நிபந்தனை, அதாவது எந்த ஈவென்ட்களைப் பிடிக்க வேண்டும்: நோட்டா, கண்ட்ரோலரா, பிட்ச் பெண்டா, எந்தச் சுருதி, எவ்வளவு வெலாசிட்டி, என்ன நீளம், எந்தச் சேனல், பாரில் எந்த இடம். கீழே இருப்பது செயல், பிடித்தவற்றில் எந்த மதிப்பைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது, ஒரே அளவில் நிறுத்துவது. இது போக ஃபங்ஷன் என்று ஒன்று இருக்கும்: டிலீட், டிரான்ஸ்ஃபார்ம், காப்பி, எக்ஸ்ட்ராக்ட், செலக்ட். யாரோ ஒருவர் இந்த வரிகளை நிரப்பி, பெயர் வைத்து, சேமித்ததுதான் ப்ரீசெட். அவர் என்ன வாத்தியத்துக்கு, என்ன டெம்போவுக்கு நிரப்பினார் என்று நமக்குத் தெரியாது. உங்கள் பாட்டுக்கு நிரப்பவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் நான் எப்போதும் செய்வது இதுதான். ப்ரீசெட்டை ஏற்றுவேன். ஃபங்ஷன் டிலீட் என்றோ டிரான்ஸ்ஃபார்ம் என்றோ இருந்தால் அதைச் செலக்ட் என்று மாற்றுவேன். அப்புறம் அப்ளை. நோட்கள் கோடுகளாகத் தெரியும் கீ எடிட்டரில் எவையெல்லாம் நிறம் மாறுகின்றன என்று பார்ப்பேன், சந்தேகமான இடத்தை ஓட்டிக் கேட்பேன். பிடிபட வேண்டியவை மட்டும் பிடிபட்டிருந்தால் டிலீட் கீயைத் தட்டினால் முடிந்தது. வேண்டியதும் சேர்ந்து சிக்கியிருந்தால் நிபந்தனையை இறுக்கி மறுபடி செலக்ட்.

க்யூபேஸுக்குப் பதில் லாஜிக் ப்ரோ மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். மிடி டிரான்ஸ்ஃபார்ம் ஜன்னலில் செலக்ட் ஒன்லி, ஆப்பரேட் ஒன்லி, செலக்ட் அண்ட் ஆப்பரேட் என்று மூன்று பொத்தான்களே தனித்தனியாக இருக்கின்றன. முதல் பொத்தானைத் தொடாமல் மூன்றாவதுக்குப் போகாதீர்கள்.

9 பிப்ரவரி, இரவு

ஒன்று விட்டுப்போனது. நிபந்தனை வரிகளுக்கு நடுவே அண்ட் இருக்கிறதா, ஆர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விரல் பட்டு விழுந்த நோட்டைப் பிடிக்க நான் வைத்திருப்பது: நோட் ஆக இருக்க வேண்டும், அண்ட் வெலாசிட்டி 20க்குக் கீழ், அண்ட் நீளம் 30 டிக்குக்குக் கீழ் (டிக் என்பது மென்பொருள் நேரத்தை அளக்கும் சிறு துண்டு). மூன்றும் சேர்ந்தால்தான் அது குப்பை. நடுவில் ஒரு ஆர் வந்துவிட்டால், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்கள் பார்த்துப் பார்த்து மெதுவாக வைத்த கார்டுகள் எல்லாம் போய்விடும். பேடில் தட்டிப் பதிந்த தவில் ட்ராக் என்றால் முழுசாகவே காலி, ஏனென்றால் தட்டிய நோட் எல்லாமே பொடி நீளம்தான். தாள வாத்திய ட்ராக்கில் நீளத்தை நிபந்தனையாகவே வைக்க வேண்டாம்.

11 பிப்ரவரி

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எஃப்எல் ஸ்டூடியோவில் பியானோ ரோல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, நான் சொன்ன அதே 30 டிக் கணக்கை வைத்தாராம், மெலடியில் பாதி நோட் சிக்கிவிட்டதாம்.

டிக் என்பது எல்லா மென்பொருளிலும் ஒரே நீளம் கிடையாது. ஒரு கால் நோட்டை எத்தனை துண்டாக வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. க்யூபேஸில் சாதாரணமாகக் காட்டுவது பதினாறில் ஒரு நோட்டுக்கு 120, அதாவது கால் நோட்டுக்கு 480. ரீப்பரிலும் லாஜிக்கிலும் 960. எஃப்எல்லில் நீங்கள் மாற்றாத வரைக்கும் 96. டெம்போ 90 என்றால் கால் நோட் சுமார் 667 மில்லி விநாடி. அப்போது 30 டிக் என்பது க்யூபேஸில் சுமார் 42 மில்லி விநாடி, ரீப்பரில் 21, எஃப்எல்லில் 208. இருநூறு மில்லி விநாடி நோட் குப்பை இல்லை, அது பாட்டு. ஸ்கிரிப்டில் எண்ணை நேராக எழுதாமல், பிபிக்யூ, அதாவது கால் நோட்டுக்கு எத்தனை டிக் என்ற மதிப்பில் பதினாறில் ஒரு பங்கு என்று எழுதினால் எங்கே ஓட்டினாலும் ஒரே அர்த்தம் வரும்.

12 பிப்ரவரி

டெம்போவும் சேரும். அதே க்யூபேஸ், அதே 30 டிக், டெம்போ 140 என்றால் 27 மில்லி விநாடிதான். குத்துப் பாட்டுக்குச் சேமித்த ப்ரீசெட் மெலடிக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். என்னிடம் மெதுவான பாட்டுக்கு ஒன்று, வேகமான பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன, பெயரிலேயே டெம்போவை எழுதியிருக்கிறேன்.

14 பிப்ரவரி

மஞ்சக்குப்பம் தம்பி ஃபைலை அனுப்பினார். அதைத் திறந்ததும் முதலில் எதையும் அழிக்கவில்லை. வெலாசிட்டி ஈக்வல் 127 என்று ஒரே ஒரு நிபந்தனை, ஃபங்ஷன் செலக்ட், அவ்வளவுதான். நிறம் மாறியவை அத்தனையும் ஒரே கிடைக்கோட்டில் நின்றன. மத்திய ஸ்தாயியில் ஒரே ஒரு கீ. அடுத்து வெலாசிட்டி 20க்குக் கீழ் என்று செலக்ட் செய்தால், அவையும் பெரும்பாலும் அதே கீ, மீதி அதற்குப் பக்கத்துக் கீ.

தம்பி, உங்கள் விரலில் குறை இல்லை. கீபோர்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வெலாசிட்டி அளக்கும் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் இரண்டு கான்டாக்ட் இருக்கும், ரப்பர் குமிழ்களில் கரி பூசியது. கீயை அழுத்தும்போது முதலாவது மூடும், அப்புறம் இரண்டாவது மூடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் வெலாசிட்டி, வேகமாக அடித்தால் இடைவெளி குறையும், எண் ஏறும். முதல் கான்டாக்டில் தூசியோ உப்புப் படிவோ இருந்தால் அது தாமதமாகத்தான் மூடும். அதற்குள் இரண்டாவதும் மூடிவிடும். இடைவெளி கிட்டத்தட்ட இல்லை என்று கணக்குப் போட்டு 127 என்று அனுப்பிவிடும். இரண்டாவது கான்டாக்ட் சரியாக உட்காராமல் துடித்தால் ஒரே அழுத்தலுக்கு இரண்டு நோட் விழும், அதுதான் உங்கள் பொடி நோட்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்காற்றுக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, கீபோர்டின் உள்ளே என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். முத்தியால்பேட்டையில் என் அறையில் கீபோர்டை வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடாமல் எழுந்திருக்க மாட்டேன். தேவனாம்பட்டினத்தில் மேடை போட்டால் மணல் வேறு. சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு ரப்பரையும் பலகையையும் துடைக்கச் சொல்லுங்கள். சொரண்டக் கூடாது, கரிப் பூச்சு போய்விடும்.

ப்ரீசெட் திருத்துவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இதற்காகத்தான். செலக்ட் ஃபங்ஷனை ஓட்டிப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

14 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

சரி, பதிந்ததை என்ன செய்வது என்று கேட்கிறார். அந்தக் கீயில் விழுந்த 127கள் பொய்யான எண்கள், உண்மையில் எவ்வளவு அடித்தார் என்பது தொலைந்துவிட்டது. சுருதி அந்தக் கீ, அண்ட் வெலாசிட்டி 127 என்று நிபந்தனை வைத்து, 70க்கும் 90க்கும் நடுவே ரேண்டமாக வை என்று செயல் கொடுக்கலாம். காது உறுத்தாது.

ஆனால் நேரம் இருந்தால் ட்ரம்ஸ் நண்பர் சொன்னதைக் கேளுங்கள். அதே கார்டில் கூடவே விழுந்த மற்ற நோட்களின் வெலாசிட்டி உண்மையானவை. அதைப் பார்த்து இதைக் கையால் இறக்கினால் கார்டு கச்சிதமாக உட்காரும். பக்கத்து நோட்டைப் பார்த்து இப்படி முடிவெடுக்க லாஜிக்கல் எடிட்டரை நம்ப முடியாது, அதற்குக் காதுதான் வேண்டும்.

16 பிப்ரவரி

வெலாசிட்டி ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். இதில்தான் ரெடிமேட் ப்ரீசெட் அதிகம் கெடுக்கிறது. எல்லா நோட்டையும் 100 போல ஒரே எண்ணில் நிறுத்தும் ஃபிக்ஸட் வெலாசிட்டி என்று ஒன்று பல மென்பொருள்களில் இருக்கும். அதைச் சின்த் பேஸுக்குப் போடுங்கள், எலெக்ட்ரானிக் கிக்குக்குப் போடுங்கள், பியானோவுக்குப் போடாதீர்கள். அடுத்து, எல்லாவற்றுக்கும் 20 கூட்டு என்பது. கேட்க நல்ல யோசனை போல இருக்கும். ஆனால் 107க்கு மேல் இருந்த எல்லாம் 127இல் போய் முட்டி ஒன்றாகிவிடும், அழுத்தமாக வாசித்த இடங்களுக்குள் இருந்த வித்தியாசம் போய்விடும்.

நான் செய்வது: முதலில் 0.8ஆல் பெருக்கு, அடுத்த வரியில் 20 கூட்டு. 30 இருந்தது 44 ஆகும், 64 இருந்தது 71, 127 இருந்தது 121 அல்லது 122. மெலிந்தவை மேலே வரும், உரத்தவை கொஞ்சம் இறங்கும், யார் யாரை விட உரக்க என்ற வரிசை மாறாது. வாசித்தவரின் கை அப்படியே இருக்கும். இன்னும் இறுக்கம் வேண்டுமானால் 0.6, 38. செயல் பட்டியலில் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும் என்பதால் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு. மாற்றிப் போட்டால் வேறு கணக்கு.

எஃப்எல்லில் இதே வேலைக்கு பியானோ ரோலில் ஆல்ட், எக்ஸ் அழுத்தினால் ஸ்கேல் லெவல்ஸ் என்று வரும்.

18 பிப்ரவரி

ஹ்யூமனைஸ் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். உயிர் போய்விட்டது, அதனால் ஹ்யூமனைஸ் ப்ரீசெட் போட்டு உயிர் கொடுக்கலாமா என்று. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள்.

அந்த ப்ரீசெட் செய்வது, ஒவ்வொரு நோட்டின் இடத்தையும் வெலாசிட்டியையும் நீளத்தையும் ஒரு வரம்புக்குள் ரேண்டமாக முன்னும் பின்னும் ஆட்டுவது. நல்ல கலைஞர் யாரும் அப்படி ரேண்டமாக ஆடுவதில்லை. வில்லியனூர்ப் பக்கம் இருந்து ஒரு தவில்காரர் என் அறைக்கு வந்து பேடில் வாசித்துப் பதிந்திருக்கிறார். அதைத் திறந்து கிரிட்டோடு, அதாவது தாளத்தைச் சமமாகப் பிரித்துக் காட்டும் கோடுகளோடு, ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு ரொம்ப நேரம் அந்தத் திரையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. வலந்தலைச் சொல் (தவிலின் வலப்பக்கத் தட்டு) எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுகிறது. தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், விழும் சில சொற்கள் மட்டும், அதுவும் தாளத்தின் குறிப்பிட்ட இடத்தில் வரும்போது மட்டும், கொஞ்சம் பின்தங்கி விழுகின்றன. அடுத்த ஆவர்த்தனத்திலும் அதே இடம், கிட்டத்தட்ட அதே அளவு. அவர் அப்படி நினைத்து வாசிக்கவில்லை, கேட்டால் அவருக்கே தெரியாது. கைக்குப் பழகிய சாய்வு அது. அந்தச் சாய்வுதான் கேட்பவரைத் தலையாட்ட வைக்கிறது, ரேண்டம் எண்களால் அது வராது, வெறும் தடுமாற்றம் மாதிரிதான் கேட்கும்.

எனவே ஹ்யூமனைஸுக்குப் பதிலாக நான் சேமித்திருப்பது: சுருதி தொப்பிச் சொல்லின் கீ, அண்ட் இடம் பாரில் இன்ன எல்லைக்குள், செயல் பொசிஷனில் 8 டிக் கூட்டு. டெம்போ 90இல் அது சுமார் 11 மில்லி விநாடி. கூட்டுவதும் கழிப்பதும் நீங்கள் யாருடைய வாசிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடலூரில் தவிலுக்குக் குறைவா? கோயிலுக்குப் போகும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

19 பிப்ரவரி

ட்ரம்ஸ் நண்பரே வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. அவர் எதிர்த்தது க்வான்டைஸைத்தானாம் (நோட்களைக் கிரிட் கோட்டுக்கு இழுத்து ஒட்டுவது), ப்ரீசெட் எல்லாவற்றையும் அல்ல. அதில் அவரோடு நான் ஒத்துப்போகிறேன். நூறு சதவீதம் இழுக்காமல், பாதி தூரம் மட்டும் கிரிட்டை நோக்கி இழுக்கும் வசதி க்யூபேஸில் இட்டரேட்டிவ் க்வான்டைஸ் என்றும், ரீப்பரில் ஸ்ட்ரெங்த் என்றும் இருக்கிறது. அதை ஒரு தடவை ஓட்டிக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

21 பிப்ரவரி

க்வான்டைஸ் பேச்சு வந்ததால் நம் ஊர்த் தாளத்துக்கு ஒரு எச்சரிக்கை. கிரிட் பதினாறில் வைத்துக்கொண்டு, மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் வாசித்ததை இழுத்தால் என்ன ஆகும்? கால் நோட்டுக்கு 480 டிக், திஸ்ரத்தில் நோட்கள் 0, 160, 320இல் விழ வேண்டும். பதினாறு கிரிட்டில் கோடுகள் 0, 120, 240, 360. அதனால் 160 போய் 120இல் ஒட்டும், 320 போய் 360இல் ஒட்டும். தகிட சமமாக வந்தது நொண்டியடிக்கும். ஐந்தாகப் பிரியும் கண்ட நடைக்கு 96 டிக்குக்கு ஒன்று. மிஸ்ர நடைக்கு 480ஐ ஏழால் வகுத்தால் 68.57, முழு எண் வராது. 960ஐ வகுத்தாலும் வராது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு டிக்குக்கும் குறைவான பிசிறு, காதுக்கு எட்டாது. கிரிட் மட்டும் ஏழாக இருக்க வேண்டும், அல்லது க்வான்டைஸே வேண்டாம்.

மிஸ்ர சாபில் பாட்டு இருக்கிறது, அழுத்தம் விழும் இடங்களில் மட்டும் வெலாசிட்டி கூட்ட ப்ரீசெட் எழுத முடியுமா என்று ஒரு தங்கை லாஸ்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறார். முடியும்மா. முதலில் ப்ராஜெக்டின் தாள அளவை 7/8 என்று மாற்றுங்கள். இது முக்கியம், 4/4இலேயே விட்டால் பாரின் தொடக்கம் என்று மென்பொருள் நினைப்பது வேறு இடம், ஆவர்த்தனம் தொடங்குவது வேறு இடம், அழுத்தம் ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்துகொண்டே போகும். எட்டில் ஒரு நோட் 240 டிக், பார் 1680. மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்தால் தட்டு விழும் இடங்கள் 0, 720, 1200. இன்சைட் பார் ரேஞ்ச் என்ற நிபந்தனையில் 680 முதல் 760, ஆர் 1160 முதல் 1240, ஆர் 0 முதல் 40. வெலாசிட்டியில் 10 கூட்டு.

21 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதில் ஒரு வரி சேர்க்க வேண்டும், படுத்தபிறகு நினைவு வந்து எழுந்து எழுதுகிறேன். சமத்தை, அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடியை, துளி முன்னால் வாசித்திருந்தால் அந்த நோட் முந்தைய பாரின் கடைசியில் கிடக்கும். 0 முதல் 40 என்ற எல்லையில் சிக்காது. அதனால் ஆர் 1640 முதல் 1680 என்று நான்காவது வரி. இந்த நான்கு வரிகளையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, அதற்கு வெளியே அண்ட் வைத்து, டைப் ஈக்வல் நோட் என்று எழுதுங்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் அண்டும் ஆரும் கலந்து எதை எதோடு சேர்க்கும் என்பது உங்கள் கையில் இருக்காது. ஓட்டும் முன் செலக்ட் செய்து பாருங்கள், ஆவர்த்தனத்துக்கு மூன்று இடம்தான் நிறம் மாற வேண்டும்.

23 பிப்ரவரி

மஞ்சக்குப்பம் மறுபடி வந்திருக்கிறது. பாடகிக்குத் தொண்டை சரியில்லை, 5 கட்டைப் பாட்டை அரைக் கட்டை இறக்கச் சொல்கிறார்களாம். டிரான்ஸ்போஸ் ப்ரீசெட்டில் ஒரு செமிடோன் கழித்தாராம், மெலடி சரியாக இறங்கியது, தாளம் மட்டும் விநோதமாகிவிட்டதாம்.

கீபோர்டிலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்த ஃபைல்தானே? அது ஃபார்மட் 0 ஆக இருக்கும், எல்லாச் சேனலும் ஒரே ட்ராக்கில். 1991இல் வந்த ஜெனரல் மிடி ஏற்பாட்டின்படி பத்தாவது சேனல் தாள வாத்தியத்துக்கு. அங்கே நோட் எண் என்பது சுருதி இல்லை, எந்த வாத்தியம் என்பதன் எண். 38 ஸ்னேர். ஒன்று கழித்தால் 37, அது சைட் ஸ்டிக். 42 மூடிய ஹை ஹேட், ஒன்று கழித்தால் 41, ஃப்ளோர் டாம். ஹை ஹேட் வர வேண்டிய இடத்தில் எல்லாம் டாம் உருண்டால் எப்படி இருக்கும்? கிக் மட்டும் தப்பித்திருக்கும், 36 போய் 35 ஆனாலும் அதுவும் பாஸ் ட்ரம்தான்.

நிபந்தனையில் ஒரே ஒரு வரி: சேனல் அன்ஈக்வல் 10. அதைச் சேர்த்து, கட்டை இறக்கம் என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். மேடையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட அதிகம் பயன்படும் ப்ரீசெட் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

24 பிப்ரவரி

சாம்பிள் வாத்தியங்களில் கீஸ்விட்ச் (ஒலிக்காமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றும் கீ) இருந்தால் அதையும் விலக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து வாசிக்க வேண்டிய வயலின் திடீரென்று பிசிகாட்டோ, அதாவது விரலால் மீட்டும் ஒலி, ஆகிவிடும். சுருதி இந்த எண்ணுக்கு மேல் என்று ஒரு வரி. எழுதும்போது நோட் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். நோட் 60 என்பது க்யூபேஸில் சி3, எஃப்எல்லில் சி5. ஒருவர் சொன்ன சி3ஐ இன்னொரு மென்பொருளில் அப்படியே போட்டால் இரண்டு ஆக்டேவ் தள்ளிப்போய் நிற்பீர்கள்.

26 பிப்ரவரி

ஏன் எல்லாம் 127இல் முடிகிறது என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி. மிடியில் ஒரு பைட்டின் முதல் பிட், இது கட்டளையா தகவலா என்று சொல்லப் போய்விடுகிறது. மிச்சம் ஏழு பிட், அதில் 0 முதல் 127 வரைதான் அடங்கும். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த NAMM இசைக்கருவிக் கண்காட்சியில் ப்ராஃபெட் 600, ஜூபிட்டர் 6 என்ற வேறு வேறு கம்பெனி சின்தசைசர்களை கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி இருவருக்கும் இதற்காக 2013இல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. வேறு வேறு கம்பெனிக்காரர்கள் ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்டதால்தான் இன்றைக்கு எந்தக் கீபோர்டை வாங்கினாலும் உங்கள் லேப்டாப்பில் பேசுகிறது. 2020இல் ஏற்கப்பட்ட மிடி 2.0இல் வெலாசிட்டிக்கு 16 பிட், அதாவது 65,536 படி.

இதில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெலாசிட்டி 0 என்று வரும் நோட் ஆன், உண்மையில் நோட் ஆஃப். பியானோ ரோலில் இது கண்ணில் படாது. மூல மிடி ஈவென்ட்களில் நேராக வேலை செய்யும் ஸ்கிரிப்டில் வெலாசிட்டி 5க்குக் கீழ் எல்லாம் அழி என்று எழுதினால் நோட்டை முடிக்கும் கட்டளைகளும் அழிந்து, நோட் நிற்காமல் இழுத்துக்கொண்டே கிடக்கும்.

28 பிப்ரவரி

கடைசியாக நாதஸ்வரம். தம்பி சாம்பிள் நாதஸ்வரத்தை மாற்றியிருக்கிறார். பழையதில் பிட்ச் பெண்ட் (வீலைத் திருப்பிச் சுருதியை வளைப்பது) எல்லை இரண்டு செமிடோன், புதியதில் பன்னிரண்டு. அதே வீல் அசைவு இப்போது ஆறு மடங்கு வளைக்கிறது, கமகம் ஊளையிடுகிறது. ஆறால் வகுக்கும் ப்ரீசெட் எழுதினாராம், பாட்டு முழுக்க எங்கோ கீழே போய்விட்டதாம்.

பிட்ச் பெண்ட் மதிப்பு 0 முதல் 16383 வரை, நடு 8192. அந்த எண்ணை ஆறால் வகுத்தால் நடுவே 1365க்கு இறங்கிவிடுகிறது. பன்னிரண்டு செமிடோன் எல்லையில் அது சரியாகப் பத்து செமிடோன் கீழே. வகுத்த பிறகு 6827 கூட்டினால் நடு மறுபடி நடுவுக்கு வரும். உங்கள் மென்பொருள் நடுவைச் சுழி என்று காட்டினால் கூட்டல் தேவையே இல்லை, வகுத்தால் போதும். எப்படிக் காட்டுகிறது என்று வீலைத் தொடாமல் ஒரு ஈவென்ட் போட்டுப் பாருங்கள்.

தின் அவுட் என்று ஒரு திருத்தம் இருக்கும், கண்ட்ரோலர் தகவலைக் குறைப்பது. அதைக் கமகத்தின் மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது ஐந்து பின் கேபிள் காலத்துத் தேவை. அந்தக் கம்பியில் விநாடிக்கு 31,250 பிட்தான் போகும், ஒரு பிட்ச் பெண்ட் செய்தி ஒரு மில்லி விநாடியைத் தின்னும், பதினாறு சேனலும் அதில் நெருக்கினால் தாளம் தள்ளாடும். இப்போது சாம்பிள் லேப்டாப்புக்குள்ளேயே ஓடுகிறது, எதற்குக் குறைக்க வேண்டும்? தோடியில் காந்தாரத்தை அசைக்கும் அசைவில் பாதிப் புள்ளியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது படிக்கட்டு.

2 மார்ச்

ஷார்ட்கட் கேட்டவர்களுக்கு: க்யூபேஸில் கீ கமாண்ட்ஸ் ஜன்னலில் லாஜிக்கல் ப்ரீசெட்டுகளுக்கான பிரிவில் நீங்கள் சேமித்தவை வந்து நிற்கும், எந்தக் கீயும் கொடுக்கலாம். ரீப்பரில் கஸ்டம் ஆக்‌ஷன். லாஜிக்கில் நீங்களே உருவாக்கும் டிரான்ஸ்ஃபார்ம் தொகுப்பு அந்தப் ப்ராஜெக்டோடு சேர்ந்துதான் சேமிக்கப்படும், அதனால் டெம்ப்ளேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் ப்ரீசெட்டுக்கு ஷார்ட்கட் கொடுக்காதீர்கள், செலக்ட் செய்யும் ப்ரீசெட்டுக்கு மட்டும் கொடுங்கள்.

மஞ்சக்குப்பம் தம்பிக்கு: கீபோர்டு சுத்தம் செய்து வந்துவிட்டதாகச் சொன்னீர்கள், அந்தக் கீயில் மறுபடி கொஞ்சம் வாசித்துப் பதிந்து 127 செலக்ட் ஓட்டிப் பாருங்கள். ட்ராக்கில் மிச்சம் இருப்பது இரண்டாவது சரணத்து நாதஸ்வரம், கமகமும் பொடி நோட்டும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனையும் எழுத எனக்கு வழி தெரியவில்லை, கையால்தான் பிரிக்க வேண்டும். அந்த எட்டு பாரை மட்டும் தனி ஃபைலாக அனுப்புங்கள், நானும் ஒரு காது கொடுக்கிறேன்.